பிறப்பிலேயே வந்தது

சித்தியோடு நான் போன அந்த அறையில் கட்டில் இல்லை, திரைச்சீலை இல்லை, கையுறைப் பெட்டி இல்லை. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. ஒரு வருடமாக எந்த அறைக்குள் நுழைந்தாலும் ரவிக்கையைக் கழற்றிப் பழகிவிட்ட சித்தி, உட்காருவதற்கு முன்பே தோளில் குத்தியிருந்த பின்னைத் தேடினாள். "அதெல்லாம் வேணாம்மா, உக்காருங்க. உங்ககூடப் பேசத்தான் கூப்பிட்டேன்" என்றாள் அந்தப் பெண். என் எம்.ஏ. மாணவிகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சித்தி அவளை டாக்டரம்மா என்று கூப்பிட, "நான் டாக்டர் இல்லம்மா, மரபணு ஆலோசகர்" என்று திருத்தினாள். சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசுவதற்கென்று ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. எனக்கும் அது புதிதுதான்.

சித்தி ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள். இருபத்திரண்டு வருடம். விடியுமுன் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வரும். அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். 52 வயதில் இடது மார்பில் கட்டி. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மா சூலகப் புற்றில் செத்துப்போனாள். அம்மா வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவள். அவளுடைய மருத்துவச் சீட்டுகளை இன்னும் ஒரு மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். அவ்வளவு சீட்டுகளிலும் 'உன் அம்மாவுக்கு என்ன ஆயிற்று, உனக்குத் தங்கை இருக்கிறாளா' என்ற கேள்வியை யாரும் கேட்டதற்கான தடயம் இல்லை. கேட்டிருந்தால் சித்தியின் கதை வேறாகியிருக்குமா என்று யோசிப்பதை நான் நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறேன். முடியவில்லை.

சித்தியின் கட்டி, ஹார்மோன் ஏற்பிகள் எதுவும் இல்லாத வகை. அக்காவுக்குச் சூலகப் புற்று, தங்கைக்கு இந்த வகை மார்பகப் புற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டர்தான் எங்களை அந்த அறைக்கு அனுப்பினார்.

அந்தப் பெண் தாளில் வரையத் தொடங்கினாள். பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. நோய் வந்தவர் உள்ளே கறுப்பு. முதலில் வந்து நிற்பவருக்கு ஓர் அம்பு. அம்பு சித்தியின் வட்டத்தைப் பார்த்து நின்றது. மூன்று தலைமுறை வேண்டும் என்றாள்.

இங்கே ஒரு தமிழாசிரியையாக எனக்குச் சற்று நேரம் வேண்டும். நம் உறவுப் பெயர்கள் நுணுக்கமானவை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கு ஒரே சொல்தான். நமக்குப் பெரியம்மா, சித்தி, அத்தை என்று தனித்தனி என்பேன். ஆனால் அந்த மேசையில் எங்கள் சொற்கள் தடுமாறின. சித்தி என்பவள் அம்மாவின் தங்கையும்தான், சித்தப்பாவின் மனைவியும்தான். அத்தை அப்பாவின் தங்கையாக இருக்கலாம், மாமாவின் மனைவியாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். "ஒரு அத்தைக்கு மார்ல புண்ணு வந்துச்சு" என்று சித்தி சொன்னதும், அந்தப் பெண் பேனாவை நிறுத்தி, "கூடப் பொறந்த அத்தையா, கட்டிக்கிட்டு வந்த அத்தையா?" என்று கேட்டாள். தமிழ் உறவுமுறை, யாரை மணக்கலாம் யாரை மணக்கக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட கணக்கு. ரத்தக் கணக்கு அதன் வேலை இல்லை. ஆம்பூரில் உருது பேசும் என் தோழியின் வீட்டில் தாயின் சகோதரி காலா, தந்தையின் சகோதரி பூப்பி, சித்தப்பாவின் மனைவி சாச்சி. அங்கே ரத்தமும் சம்பந்தமும் சொல்லிலேயே பிரிந்து நிற்கின்றன. எங்களுடையதில், அக்கா மகளைக் கட்டிய மாமா, அத்தை மகனைக் கட்டிய பெண் என்று வந்தபோது தாளில் இரட்டைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பழகியிருப்பாள்.

அதைவிடப் பெரிய தடுமாற்றம், நோய்க்குப் பெயரே இல்லாதது. ஆயாவுக்கு என்ன ஆயிற்று? "வயிறு வீங்கிச் செத்துப்போச்சு. எனக்குப் பத்து வயசு. யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னு சொன்னாங்க." ஆயாவுக்கு அப்போது நாற்பது இருக்கும். பெரிய ஆயா? "தீராத வயித்து வலி. கிணத்துல விழுந்துட்டா." இன்னொருத்திக்கு முப்பத்தைந்திலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், எதற்கென்று யாருக்கும் தெரியாது. தாத்தாவுடன் பிறந்த பெண்கள்? எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்பதே மறந்துபோயிற்று. சதுரங்களுக்கெல்லாம் விவரம் இருந்தது. தாத்தா தோல் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்தார், எந்த வருடம் செத்தார், எந்த முதலாளி சவத்துக்குப் பணம் கொடுத்தார் என்பது வரை. வட்டங்களுக்குள் கேள்விக்குறிகள். எங்கள் வீட்டுப் பெண்களின் வரலாறு எழுதப்படவில்லை என்று நான் மேடைகளில் பேசியிருக்கிறேன். அதைப் படமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது: பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவில் நோய் உண்டாக்கக்கூடிய ஒரு மாற்றம்.

இந்த மரபணுவின் கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள். மார்பகப் புற்று பரம்பரையாக வரக்கூடும் என்பதைப் பலர் நம்பாத காலத்தில், மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் குடும்பங்களின் கதைகளைச் சேகரித்து, 1990இல் அந்த மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994இல் மரபணு கையில் கிடைத்தது. அடுத்த ஆண்டே இரண்டாவதான பி.ஆர்.சி.ஏ. 2. ஒரு கம்பெனி அவற்றுக்குக் காப்புரிமை வாங்கி, சோதனை செய்யும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பெண்களும் மருத்துவர்களும் வழக்குப் போட்டார்கள். இயற்கையில் உள்ள மரபணுவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஏஞ்சலினா ஜோலி தன் இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டதைப் பத்திரிகையில் எழுதியிருந்தார்.

இந்த மரபணுக்கள் செல்லில் முறியும் டி.என்.ஏ.வைச் சரிசெய்பவை. அவை பழுதாகியிருந்தால் பிழைகள் சேரும். பி.ஆர்.சி.ஏ. 1இல் மாற்றம் உள்ள நூறு பெண்களில் சுமார் எழுபது பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரலாம். நாற்பத்துநான்கு பேருக்குச் சூலகப் புற்று. வராமலே வாழ்ந்து முடிப்பவர்களும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு. பிள்ளை ஆணா பெண்ணா என்பது இதற்குக் கணக்கில்லை. அப்பாவழியாகவும் வரும். இதைச் சொன்னபோது சித்திக்கு நம்பிக்கை வரவில்லை. மார் நோயை ஆம்பளை எப்படித் தருவான்?

பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். "அப்ப இது தண்ணியால இல்லியா?"

எங்கள் ஊரில் எந்த நோய் வந்தாலும் தண்ணீரைச் சொல்வோம். சொல்லக் காரணமும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல். மூடிப்போன ஒரு குரோமேட் ஆலை ராணிப்பேட்டையில் விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றை உண்டாக்கும். தோல் தூசு மூக்கில் புற்றை உண்டாக்கும். பசைகளில் இருந்த பென்சீன் ரத்தப் புற்றை உண்டாக்கும். இவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்பவை. சித்தியின் நோய்க்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அவளுடைய கட்டிக்கான முதன்மைக் காரணம் அவள் செல்லுக்குள் இருந்தது. ஆலோசகர் அதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவள் மேல் எனக்கு மரியாதை இருந்திருக்காது.

"இது உங்களுக்குப் பிறப்பிலேயே வந்ததும்மா. நீங்க எதுவும் தப்பு பண்ணல" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லச் சொல்லும்: நோயாளியின் குற்றவுணர்வைக் குறைக்க வேண்டும். சித்தி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "பொறப்புலயே வந்ததுன்னு இன்னொண்ணா?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாங்கள் ஊருக்கு வெளியே, காலனியில் பிறந்தவர்கள். எங்கள் தாத்தா தோல் தொட்டதற்கும் எங்கள் தெரு டேனரிக்குப் பின்னால் இருந்ததற்கும் ஊர் சொன்ன காரணம் அதுதான்: பிறப்பு. ரத்தத்தில் இருக்கிறது, கழுவினாலும் போகாது, பிள்ளைக்கும் வரும். பள்ளிக்கூடம் போய், பட்டம் வாங்கி, முனைவர் ஆகி, அது பொய் என்று நிரூபிக்க எங்களுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. இப்போது ஒரு வெள்ளை அறையில், அன்பான குரலில், உண்மையாகவே பிறப்பில் வந்த ஒன்று எங்களுக்குத் தரப்படுகிறது. இது அறிவியல், அது அநீதி என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். ஆனால் அடிபட்ட இடம் ஒன்றே. மரபணு ஆலோசனை சாதி கேட்காது, கேட்கவும் கூடாது. ஆனாலும் 'பரம்பரை' என்ற சொல்லை இந்த மண்ணில் யாரிடம் சொல்கிறோம் என்று சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அது தெரிந்திருக்கும். 'எந்தப் பரம்பரையில் வந்தவள்' என்ற கேள்வியைத் தன் தாயின் பொருட்டு வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் அவர். 1923இல் அவருடைய தங்கை குடல் புற்றில் இறந்தார்; அந்த மரணம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனமாக நின்றது. ஓர் அக்கா, ஒரு தங்கை. நான் அடையாற்றுப் பக்கம் போகும்போதெல்லாம் நிறுவனத்தைவிட அந்தத் தங்கையைத்தான் நினைக்கிறேன்.

அடுத்து வந்தது முடிவெடுக்க வேண்டிய பேச்சு. சித்திக்கு வலது மார்பகம் மிச்சம் இருந்தது, சூலகங்கள் இருந்தன. பி.ஆர்.சி.ஏ. 1 உள்ள பெண்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்தபின், 35க்கும் 40க்கும் இடையில், சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். சூலகப் புற்றை ஆரம்பத்தில் கண்டுபிடிக்க நம்பகமான சோதனை இல்லை என்பது காரணம். மார்பகத்துக்கு இரண்டு வழி: வருடந்தோறும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் காவல் காப்பது, அல்லது எடுத்துவிடுவது.

இதைக் கேட்டபோது எனக்கு 1996 ஞாபகம் வந்தது. நான் பள்ளி மாணவி. பாலாற்றை டேனரிகள் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுதல் வரும் என்று அறிவியல் முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, வருமுன் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்புதான். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் எங்கள் ஊர்ப் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆற்றின் விஷயத்தில் முப்பது வருடமாக நடைமுறைக்கு வராத முன்னெச்சரிக்கை, ஒரு பெண்ணின் வயிற்றுக்கு மட்டும் அடுத்த மாதமே தேதி குறித்துக்கொடுத்துவிடுகிறது. நான் அறுவையை எதிர்க்கவில்லை. அது உயிரைக் காக்கிறது. ஆனால் நூறு புற்றுகளில் ஐந்து முதல் பத்துதான் இப்படிப் பரம்பரையாய் வருபவை. மிச்சமுள்ளவற்றுக்கு வெளியில் தேட வேண்டும். குடும்ப மரத்தை இவ்வளவு பொறுமையாக வரைகிற கை, வேலை பார்த்த இடத்தையும் குடித்த தண்ணீரையும் அதே தாளில் எழுதினால் என்ன? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எழுதலாம் மேடம்" என்றாள். எழுதினாள். சித்தியின் வட்டத்துக்குக் கீழே: பசை, 22 வருடம்.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ என் இடத்துல இருந்தா இன்னா பண்ணுவ?" என்றாள்.

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. "அதை நான் சொல்லக் கூடாதும்மா. இது உங்க உடம்பு, உங்க முடிவு" என்றாள். சித்திக்குக் கோபம் வந்தது. "எப்ப வயசுக்கு வந்தேன்னு ஊருக்குச் சொன்னது அவங்க. யாரைக் கட்டணும்னு சொன்னது அவங்க. ரெண்டு புள்ளையோட போதும்னு ஆப்பரேஷன் பண்ணச் சொன்னது அவங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. இப்ப நானா கேக்கறேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்க."

'வழிநடத்தாமை' என்பது இந்தத் தொழிலின் அடிப்படை அறம். அதற்குப் பின்னால் வெட்கப்பட வேண்டிய ஒரு வரலாறு உண்டு. நல்ல பரம்பரை பெருக வேண்டும், கெட்ட பரம்பரை ஒழிய வேண்டும் என்ற இனமேம்பாட்டு இயக்கம், 'தகுதியற்றவர்கள்' என்று முடிவுகட்டிய பெண்களையும் ஆண்களையும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் மலடாக்கியது. 1933இல் ஹிட்லருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதிய சார்லஸ் டைட் என்ற மருத்துவர் விட்டுப்போன சொத்தில் உருவானது மினசோட்டாவின் டைட் நிறுவனம். அங்கே பணிபுரிந்த ஷெல்டன் ரீட்தான் 1947இல் மரபணு ஆலோசனை என்ற பெயரை இந்த வேலைக்குச் சூட்டினார், அந்தப் பழைய சாக்கடையிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதற்காகவே. 1969இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் மெலிசா ரிக்டர் முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது அது பெரும்பாலும் பெண்களின் தொழிலாயிற்று. இன்னொருவரின் கருவைப் பற்றி, உடலைப் பற்றி, நான் முடிவு சொல்ல மாட்டேன் என்ற உறுதி அங்கே வேரூன்றியது.

நம்மிடமும் இந்தச் சொல் வேறொரு வாசல்வழியே சட்டத்தில் நுழைந்திருக்கிறது. ஸ்கேன் சென்டர்களில் 'கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கூறப்படமாட்டாது' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடிப்படையான 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபணு ஆலோசனை மையம் என்பதை வரையறுத்துக் கட்டுப்படுத்துகிறது. பெண் சிசுவைக் கொல்லத் துணைபோகக் கூடாது என்பதற்காக. ஆக, சொல்லாமல் இருப்பதே பெண்ணுக்குப் பாதுகாப்பு என்ற இடம் ஒன்று உண்டு. சொல்லாமல் இருப்பது பெண்ணைக் கைவிடுவதாகும் இடமும் உண்டு. சித்தியின் கோபம் இரண்டாவது இடத்திலிருந்து வந்தது.

நான் அன்று அந்த அறையில் இதையெல்லாம் யோசிக்கவில்லை. சித்தியை அடக்கத்தான் பார்த்தேன். ஆலோசகர் என்னைக் கையமர்த்தினாள். "நான் என்ன பண்ணுவேன்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு எதுக்குப் பயம், எது முக்கியம்னு நீங்க சொல்லுங்க. அதுக்கு எது பொருந்தும்னு சேந்து பாப்போம்." சித்தி பேசினாள். ஒன்றரை மணி நேரம். மருந்துக்கு முடி கொட்டியதை, தையல் மெஷினில் இடது கை தூக்க முடியாததை, மகளின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டியதை. கடைசியில், "சூலகத்தை எடுத்துடுங்க, மாரு இருக்கட்டும், வருசா வருசம் வரேன்" என்று அவளே சொன்னாள். சித்தப்பாவைக் கேட்க வேண்டாமா என்று நர்ஸ் கேட்டதற்கு, "அவர இன்னாத்துக்கு?" என்றாள். என் சித்தி கணவனைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு அது என்று நினைக்கிறேன்.

வழிநடத்தாமை என்ற அறத்துக்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்டது. அந்த நேரம் இல்லாத இடத்தில் அது வெறும் கையெழுத்துப் படிவம்தான். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில், ஒரு நிமிடத்தில் 'உங்க இஷ்டம்மா' என்று சொல்வதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை.

எழுந்திருக்கும்போது சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா கல்யாணம் முடியறவரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. மாமாவுக்கும்தான்."

இங்கேதான் என் பிரச்சினை தொடங்கியது. மாமா என் அம்மாவுக்குத் தம்பி, சித்திக்கு அண்ணன். அவரிடம் அந்த மாற்றம் இருக்க இரண்டில் ஒரு பங்கு. அவருடைய மகளிடம் இருக்க நான்கில் ஒரு பங்கு. அவளுக்கு அப்போது 29. அந்த வயதில் எம்.ஆர்.ஐ. பார்க்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

சித்தியின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு சித்திக்குச் சொந்தமா? ரத்தம் அவளுடையது, நோய் அவளுடையது. ஆனால் அந்தச் செய்தி மாமா மகளைப் பற்றியதும்தான், என்னைப் பற்றியதும்தான். நீதிமன்றங்களே இதில் ஒரு முடிவுக்கு வரத் திணறியிருக்கின்றன. அப்பாவுக்குப் பரம்பரைக் குடல் நோய் இருந்ததைத் தனக்குச் சொல்லவில்லை என்று டோனா சேஃபர் என்ற பெண், இறந்துபோன டாக்டரின் சொத்தின் மேல் வழக்குப் போட்டார். 1996இல் நியூஜெர்சி நீதிமன்றம், ஆபத்து தெரிந்த உறவினரை எச்சரிக்கும் கடமை டாக்டருக்கு உண்டு என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபுளோரிடா நீதிமன்றம், நோயாளியிடம் சொன்னால் போதும் என்றிருந்தது. இங்கிலாந்தில் ஒரு பெண், தந்தைக்கு ஹண்டிங்டன் நோய் இருப்பதை, தான் கர்ப்பமாக இருந்தபோது மருத்துவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று வழக்காடினார். இரு பக்க நலன்களையும் எடைபோட வேண்டிய கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று 2020இல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அவருடைய வழக்கு தோற்றது.

சித்தியின் பயத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் இல்லை. அவள் கணக்கு மிகச் சரியானது. பெண் பார்க்க வருகிறவர்கள் அம்மாவுக்கு என்ன நோய் என்று விசாரிப்பார்கள். பரம்பரை என்று தெரிந்தால் திரும்பிப் போவார்கள். அதே நோயைத் தங்கள் மகன் கொண்டுவரக்கூடும் என்று எந்த மாப்பிள்ளை வீடும் தங்கள் பக்கத்தை விசாரித்துக்கொள்வதில்லை. மரபணு ஆண் பெண் பார்க்காமல் போகிறது. பழி மட்டும் பார்த்துப் போகிறது. சித்தி தன் மகளைக் காப்பாற்றப் பார்த்தாள். என் மௌனத்துக்கு விலை கொடுக்கப்போவது இன்னொருத்தியின் மகள்.

ஆலோசகரிடம் தனியாகக் கேட்டேன். சித்தி சம்மதிக்காமல் தானாக யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றாள். ஆனால் ஒரு வழி உண்டு: குடும்பக் கடிதம். யாருக்கு நோய், யாருக்குச் சோதனை செய்தது என்ற பெயர் இல்லாமல், 'உங்கள் ரத்த உறவில் ஒருவருக்கு இந்த மாற்றம் கண்டறியப்பட்டுள்ளது, நீங்களும் ஆலோசனை பெறலாம்' என்று ஒரு கடிதம். நோயாளி அதை உறவினருக்குக் கொடுக்கலாம். சித்தியிடம் பேசிப்பேசி, கல்யாணம் முடிந்த மறுவாரம் அனுப்பலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. "நீங்க தமிழ்ல பிஎச்.டி.தானே மேடம், நீங்களே எழுதுங்களேன்" என்றாள்.

இருபது வரி. பத்து நாள் ஆயிற்று. மரபியல் என்று எழுதியதும் தொல்காப்பியத்தின் கடைசி இயல் முன்னால் வந்து நின்றது: விலங்கு, பறவைகளின் குட்டிக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வழங்கும் பெயர்களை வகைப்படுத்தும் இயல். நான்கு வருணத்தைப் பேசும் பகுதியும் அதற்குள் இருக்கிறது. இடைச்செருகல் என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவேன். அடுத்தது 'பிறழ்வு'. கலைச்சொல் அகராதிகள் தருவது. ஆனால் பிறழ்ந்தவள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் தமிழில் அது மருத்துவச் செய்தியாக இராது. 'குறை' வேண்டாம். 'பழுது' இயந்திரத்துக்கு. 'மாற்றம்' என்று எழுதினேன். அதில் ஆபத்து தெரியவில்லை என்றாள் ஆலோசகர். 'புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு' என்று எழுதியிருந்ததை மாமா மகளின் கண்களால் படித்துப் பார்த்தேன். வேலைவாய்ப்பு போல இருந்தது. அடித்துவிட்டு, 'வரக்கூடும்' என்று வினையாக்கினேன். கவிதையில் இவ்வளவு பயந்து ஒரு சொல்லை நான் வைத்ததில்லை.

கல்யாணம் தை மாதம் நடந்தது. அதுவரை ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் மாமா மகளைப் பலமுறை பார்த்தேன். பொங்கலுக்குத் துணி எடுக்க வேலூரில் அவளோடு கடை கடையாக அலைந்தேன். ரவிக்கை அளவு கொடுத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தபடி நான் சும்மா இருந்தேன். அதற்குள் அவளுக்குக் கட்டி வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது சரி என்று இங்கே வாதாட வரவில்லை. சித்திக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்; இன்னொருத்தியின் ஏழு மாதத்தைப் பணயம் வைத்துக் காப்பாற்றினேன். இரண்டும் உண்மை.

கடிதத்தை மாமாவிடம் கொடுத்தது நான்தான். கீமோ முடித்த சித்தியா அலைவாள்? இந்தக் குடும்பச் செய்திகளைச் சுமந்துபோய்ச் சேர்க்கும் வேலையும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. யாரிடம் எப்போது எப்படிச் சொல்வது, சொன்னபின் அழுகிறவரை யார் தேற்றுவது எல்லாம் சேர்த்து. மாமா படித்துவிட்டு, "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று மடித்து அலமாரியில் வைத்தார். அவருக்கும் புரோஸ்டேட்டிலோ கணையத்திலோ வரக்கூடும் என்றேன். "வந்தா பாத்துக்கலாம்" என்றார். தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை என்று ஒன்று உண்டு. ஆலோசகர்கள் அதை மதிக்கிறார்கள். ஆனால் மாமாவின் உரிமைக்குள் அவர் மகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தாள்.

நான் சோதனை செய்துகொண்டேனா என்று கேட்பீர்கள். செய்துகொண்டேன். ஆறு மாதம் தள்ளிப்போட்டு, பிறகு. முடிவை இங்கே எழுதவில்லை. எனக்கு ஒரு தங்கையும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மகள் இன்னும் சிறியவள். பதினெட்டு வயதுக்குமுன் இந்தச் சோதனையை அவளுக்குச் செய்ய மாட்டார்கள், தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக. என் பெயரைப் போட்டு நான் இங்கே எழுதினால் அவளுடைய முடிவில் பாதியை நானே எடுத்துவிட்டதாக ஆகும்.

பங்குனியில் ஒருநாள் இரவு மாமா மகள் போன் செய்தாள். அலமாரியில் சான்றிதழ் தேடும்போது கடிதம் கிடைத்திருக்கிறது.

"அக்கா, இந்த லெட்டர் நீதான எழுதன?"

"ஏன் கேக்கற?"

"ஆஸ்பத்திரியில யாரு 'வரக்கூடும்'னு எழுதுவாங்க?"

நான் பேசவில்லை. பெயரை மறைத்த கடிதத்தில் என் தமிழை மறைக்கத் தெரியாமல்போனது.

"பெரிய அத்தையா, சின்ன அத்தையா? யாருக்கு டெஸ்ட் பண்ணாங்க?"

"அதை நான் சொல்லக் கூடாது."

அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. டி.வி. ஓடுவது கேட்டது. பிறகு அவள், "பெரிய அத்தை எப்பவோ செத்துடுச்சு" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"வியாழக்கிழமை எனக்குக் கிளாஸ் இல்ல" என்றேன். "காலையில எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

"அப்பாகிட்ட இன்னா சொல்றது?"

"துணி எடுக்கப் போறோம்னு சொல்லு."